தொட்டால் மணக்கும் செடிகள் போதும்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டுத் தோட்டம்

கண்ணுக்கு மட்டுமில்லாமல் கைக்கும் மூக்குக்கும் காதுக்கும் வேலை கொடுக்கிற, மனதை அமைதிப்படுத்துகிற தோட்டத்தைப் பற்றிப் போன இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்தெந்தச் செடி வாங்கலாம், பட்டியல் கொடுங்கள்." அந்தத் தோட்டத்தில் உட்காரப்போகிறவர் யார், அவருக்கு எது பிடிக்கும், எதைக் கண்டால் ஒதுங்கிப்போவார் என்று தெரியாமல் பட்டியல் கொடுத்து எந்தப் பயனும் இல்லை. அதனால் ஆளையும் இடத்தையும் விவரமாக எழுதியிருந்தவர்களின் கடிதங்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் இருக்கிறது. மிக்ஸி சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் மண்ணும் தண்ணீரும் கிடைத்தால் விடவே மாட்டான். வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் சும்மா கிடக்கிறது. ஒரு மல்லிகைப் பந்தல் போட்டு அதன் கீழே அவனை உட்காரவைக்கலாம் என்று ஆசை. சரிவருமா? – ஒரு தாய், தஞ்சாவூர்

பந்தல் யோசனையை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். மல்லிகை அருமையான செடிதான், ஆனால் பூத்துவிட்டால் அதன் மணத்தை யாராலும் நிறுத்தி வைக்க முடியாது, சாயந்திரம் மொட்டு விரிந்ததும் கொல்லை முழுக்க அந்த வாசனைதான் இருக்கும். சத்தம் தாங்காத குழந்தைகளில் பலருக்குக் கடுமையான வாசனையும் அதே அளவுக்குத் தொந்தரவு தரும். அதை வாயால் சொல்லத் தெரியாமல் உள்ளே ஓடிவிடுவான், அப்புறம் அவனைக் கொல்லைப்பக்கம் அழைத்து வருவதே பெரும்பாடாகிவிடும். உங்கள் மகனுக்கு மல்லிகை பிடிக்கிறதா என்பதை முதலில் ஒரு முழம் பூ வாங்கி வீட்டில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் போகிறானா, விலகுகிறானா? அதிலேயே பாதிப் பதில் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நான் எப்போதும் சொல்வது, இலையில் மணம் உள்ள செடிகள். அவை சும்மா இருக்கும்போது மணக்காது. தொட்டால், கசக்கினால் மணக்கும், கையை எடுத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். எவ்வளவு வேண்டும், எப்போது போதும் என்று முடிவு செய்கிறவன் உங்கள் மகனாக இருப்பான். வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் அவன் மேல் வந்து விழும் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு, தன் கையில் கட்டுப்பாடு இருக்கிற ஓர் இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் செடி கற்பூரவல்லி. அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் சளி இருமலுக்கென்று ஒரு மூலையில் கிடப்பதால் அதன் அருமை தெரிவதில்லை. இலை தடிமனாக, ஈரப்பதத்தோடு, ஓரத்தில் வட்டவட்டமான பற்களோடு இருக்கும். மேலே கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய ரோமம், விரலை வைத்து மெதுவாக இழுத்தால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். கிள்ளினால் 'பொட்'டென்று உடையும், அந்த உடையும் சத்தம்கூடச் சில பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வெளிநாட்டுத் தோட்டக்குறிப்புகளில் 'லேம்ப்ஸ் இயர்' என்ற ரோம இலைச் செடியைத் தொடுவதற்கென்றே வைக்கச் சொல்வார்கள். நம் சமவெளி வெயிலிலும் புழுக்கத்திலும் அது அழுகிப்போகும். அந்த இடத்துக்கு நமக்குக் கற்பூரவல்லி இருக்கிறது, ஒரு கிளையை ஒடித்து நட்டால் வேர் பிடித்துவிடும். பிள்ளை எத்தனை இலையைப் பிய்த்தாலும் திட்ட வேண்டியதில்லை, பிய்க்கப் பிய்க்கப் புதர்போலக் கிளைக்கும், தின்றாலும் பயமில்லை.

அதோடு புதினா, துளசி, திருநீற்றுப்பச்சிலை, எலுமிச்சைப்புல் வைக்கலாம். எலுமிச்சைப்புல்லின் விளிம்பு மென்மையான தோலைக் கீறிவிடும், அதனால் பாதையோரத்தில் வேண்டாம், பின்வரிசையில் இருக்கட்டும். தொடுவதற்குக் கோழிக்கொண்டைப் பூ, காகிதம் மாதிரிச் சரசரக்கும் வாடாமல்லி. தொட்டாச்சிணுங்கி ஒன்று வேண்டும், ஆனால் தொட்டியில் மட்டும். தண்டில் முள் இருக்கிறது, தரையில் விட்டால் பரவிவிடும். இலையைத் தொட்டதும் காம்பின் அடியில் இருக்கும் சின்ன முடிச்சில் உள்ள செல்களிலிருந்து தண்ணீர் சட்டென்று வெளியேறுவதால்தான் அது மூடிக்கொள்கிறது. மறுபடி விரியக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க அசையாமல் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைகள் உண்டு, அவசரப்படுத்தாதீர்கள்.

செடியை விட முக்கியமானது, தண்ணீரும் மண்ணும் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது. இடத்தில் மூன்றில் ஒரு பங்கைச் செடி இல்லாமல் வெறும் மண்ணாகவே விடுங்கள். ஒரு சின்னக் கொட்டுக்கூடை, கைக்கடக்கமான மண்வெட்டி, இரண்டு லிட்டர் பூவாளி. தண்ணீர் நிறைந்த பூவாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் மண்ணைக் கொத்துவதும் அள்ளுவதும் உடம்புக்குக் கனமான வேலைகள். இப்படித் தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கொடுக்கிற வேலைகளைத்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருகிற சிகிச்சையாளர்கள்) பல பிள்ளைகளுக்கு அமைதிக்காகச் சொல்லித்தருகிறார்கள். உங்கள் மகனைப் பார்க்கிறவரிடம் கேட்டு, அவனுக்கு ஏற்ற எடையையும் நேரத்தையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அப்புறம், காய்ந்த மண்ணில் தண்ணீர் பட்டதும் கிளம்புகிற வாசனை இருக்கிறதே, மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மிகமிகக் குறைந்த அளவில் இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் வாசனை அது.

ஒரு மூலையில் அகலமான சிமெண்ட் தொட்டியில் தாமரையோ அல்லியோ வைக்கலாம். தாமரை இலையில் தண்ணீரை ஊற்றினால் துளித்துளியாகத் திரண்டு உருளும், கையால் இலையை ஆட்டி அந்தத் துளியை ஓட்டி விளையாடுவான். கப்பி மீன் நான்கைந்து விட்டுவிடுங்கள், கொசுப்புழுவைத் தின்றுவிடும். ஆனால் குழந்தை இருக்கும் வீட்டில் ஆழமான தொட்டி கூடாது, மேலே உறுதியான கம்பிவலை போட்டு, நீங்கள் கூட இருக்கும்போது மட்டும் அதைத் திறங்கள். மண்ணையோ கல்லையோ வாயில் போடும் பழக்கம் இருந்தால் சாணத்தைப் பச்சையாகப் போட வேண்டாம், நன்றாக மக்கிய உரம் மட்டும் போதும். பூச்சிமருந்து எதுவும் அந்த இடத்துக்குள் வரவே கூடாது.

கேள்வி: நான்காவது மாடி ஃப்ளாட். மேற்குப் பார்த்த பால்கனி, நாலுக்கு ஏழு அடி. ஐ.டி. வேலை, இரவு தூக்கம் சரியில்லை. லாவெண்டர் வளர்த்தால் தூக்கம் வரும் என்கிறார்கள். மூன்று தடவை வாங்கி மூன்றும் போய்விட்டது. என்ன தப்பு செய்கிறேன்? – வாசகி, அம்பத்தூர்

நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. லாவெண்டர் மத்தியதரைக் கடலோரத்து மலைச்சரிவுகளின் செடி. அதற்கு வறண்ட காற்று வேண்டும், இரவில் குளிர்ச்சி வேண்டும். சென்னையில் மே மாத இரவும் வியர்க்கிறது, ஐப்பசி மழையில் வேர் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் தாராளமாக வையுங்கள் என்பேன். உங்கள் பால்கனியில் அது விருந்தாளியாக இரண்டு மாதம் இருந்துவிட்டுத்தான் போகும், அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செடிகள் வாங்கலாம்.

லாவெண்டர் மணத்தில் பெரும்பங்கு வகிப்பது லினலூல் என்ற பொருள். நம் குண்டுமல்லியின் மணத்திலும் அதே லினலூல் இருக்கிறது. மேற்கு வெயில் குண்டுமல்லிக்கு வரப்பிரசாதம், அதற்கு எவ்வளவு வெயில் இருந்தாலும் தகும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் செம்மண், மக்கிய உரம், தென்னைநார்க் கழிவு மூன்றையும் சமமாகக் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்து வையுங்கள். கார்த்திகை கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்தால் பங்குனியிலிருந்து பூக்கத் தொடங்கும். இதைச் செய்ய மனம் வராமல் விடுகிறவர்கள்தான் "செடி பச்சைப்பசேலென்று இருக்கிறது, பூவே இல்லை" என்று எனக்கு எழுதுகிறார்கள். வெட்டுங்கள். புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வரும்.

ஆனால் மல்லிகை வாசனையில் தலைவலி வருகிறவர்கள் உண்டு. உங்களுக்கு ஒற்றைத்தலைவலி இருந்தால் படுக்கையறை ஜன்னலோரம் வைக்காதீர்கள். அதற்குப் பதில் ரம்பை (பாண்டன் இலைச் செடி) வையுங்கள், நேர் வெயில் படாத சுவரோரம் போதும், தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. இலையை மடித்துக் கசக்கினால் சாதம் வடிக்கும் வாசனை வரும். பாஸ்மதி அரிசிக்கு மணம் தருகிற அதே பொருள்தான் இந்த இலையிலும் இருக்கிறது. வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் வீட்டில் யாரோ சமைத்துக்கொண்டிருப்பது போன்ற வாசனை. எனக்குத் தெரிந்து அதைவிட ஆறுதலான வாசனை குறைவு.

தெருச் சத்தத்தைச் செடி தடுக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பால்கனியில் வைக்கிற நாலு தொட்டி ஹாரன் சத்தத்தைத் தடுக்காது. அந்தச் சத்தத்துக்கு முன்னால் வேறொரு சத்தத்தை வைக்கலாம், அவ்வளவுதான். அரிக்கா பாம், குள்ள மூங்கில் இரண்டும் நாலாவது மாடிக் காற்றுக்குச் சலசலவென்று பேசிக்கொண்டே இருக்கும். மண் நனைந்த தொட்டி கனமாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பெரிய தொட்டிகளைக் கைப்பிடிச் சுவர்மேல் ஏற்றாமல், தரையில், வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள்.

கேள்வி: மனோரஞ்சிதம் வைக்க ஆசை. பாம்பு வரும் என்று மாமியார் தடுக்கிறார். உண்மையா? – வாசகி, நாகர்கோவில்

பூவின் வாசனைக்குப் பாம்பு வராது. மனோரஞ்சிதம், தாழை, மல்லிகை எல்லாவற்றுக்கும் பாம்பை இழுக்கும் என்ற பெயர் இருக்கிறது. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும், ஒளிந்துகொள்ள அடர்த்தியான புதருக்கும். மனோரஞ்சிதம் கொக்கி மாதிரி வளைந்த காம்பால் பற்றிக்கொண்டு பெரிய புதராக ஏறும், அடியில் சருகு சேரும், அதனால் அந்தப் பெயர் வந்திருக்கலாம். அடிப்பகுதியை இரண்டடி உயரத்துக்கு இலை கிளை இல்லாமல் சுத்தமாக வைத்து, சருகை வாரத்துக்கு ஒரு தடவை கூட்டிவிடுங்கள். உங்கள் மாமியாரிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லிப் பாருங்கள், அவர் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. பூ பச்சையாக இருக்கும்போது மணக்காது, பழுத்து மஞ்சளாகும்போதுதான் பழவாசனை வரும், பொறுமையாக இருங்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயது, விவசாயம் செய்தவர். மறதி நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது. சாயந்திரம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். கையில் கிடைக்கும் இலையை வாயில் போட்டு மெல்லுகிறார். கொல்லையில் அரளி, செங்காந்தள், குரோட்டன்ஸ் எல்லாம் இருக்கின்றன. அவருக்கு ஏற்ற மாதிரி மாற்ற முடியுமா? – மருமகள், மதுரை

தோட்டம் அமைப்பதெல்லாம் அப்புறம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அரளி. இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அரளியில் இலை, பூ, வேர் எல்லாமே நஞ்சு, இதயத்துடிப்பை நேராகத் தாக்கும். மஞ்சள் அரளியின் கொட்டையும் அப்படித்தான். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெட்டியதைக் கொளுத்தாதீர்கள், அந்தப் புகையும் ஆகாது. செங்காந்தள் நம் மாநில மலர், அழகுக்குக் குறைவில்லை, ஆனால் அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, அதையும் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள். குரோட்டன்ஸின் பாலும் வாய்க்கு ஆகாது. இதோடு குன்றிமணிக் கொடி, ஆமணக்கு, ஊமத்தை, எருக்கு, நித்தியகல்யாணி, டைஃபன்பேக்கியா, வராந்தாவில் தொங்குகிற மணி பிளான்ட் எதுவும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். அந்தி மந்தாரையும்கூட, வேரும் விதையும் நஞ்சு.

தப்பித்தவறி ஏதாவது மென்றுவிட்டார் என்று சந்தேகம் வந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அது ஆபத்தை அதிகமாக்கும். வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள், அந்தச் செடியின் ஒரு கிளையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

சரி, இப்போது அவருக்கான தோட்டம். அவர் விவசாயி. அழகுச் செடி அவருக்கு எதையும் ஞாபகப்படுத்தாது, கீரைப்பாத்தி ஞாபகப்படுத்தும். இடுப்பளவு உயரத்தில் செங்கல் வைத்து ஒரு பாத்தி கட்டி, அதில் தண்டுக்கீரை, அரைக்கீரை, கொத்தமல்லி, புதினா போடுங்கள், குனியாமல் நின்றபடியே கை வைக்கலாம். விதை தூவுவதற்கும் களை பிடுங்குவதற்கும் அவருடைய விரல்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது, பெயர்கள் மறந்துபோன பிறகும் கைப்பழக்கம் வெகுகாலம் நிற்கும். முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை வேலியோரத்தில். எதைப் பறித்து வாயில் போட்டாலும் பயமில்லை. கத்தரியும் தக்காளியும் வேண்டாம், காய் நல்லதுதான், இலை மெல்லுவதற்கு ஆகாது. பிடுங்கக் கூடாததைப் பிடுங்கினாலும் ஒன்றும் சொல்லாதீர்கள், இருபது ரூபாய்க் கீரை விதைதானே.

நடப்பதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், நடக்க ஒரு வழி போட்டுக்கொடுங்கள். மூன்றடிக்குக் குறையாத அகலத்தில், சுற்றி வந்தால் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்கிற மாதிரி. முட்டுச்சந்து இருந்தால் அங்கே நின்று திகைப்பார், எரிச்சல் வரும். தரை முழுக்க ஒரே நிறமாக, பளபளப்பு இல்லாமல் இருக்கட்டும். நடுவில் கறுப்புக் கல் பதித்தால் மறதி நோய் உள்ளவர்களுக்கு அது குழி மாதிரித் தெரியும், காலை வைக்கப் பயப்படுவார்கள். பாதி வழியில் கைப்பிடி உள்ள ஒரு பெஞ்ச்.

வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிவிடும், அதனால் நீலமும் ஊதாவும் மங்கிப்போய்ப் பச்சையோடு கலந்து தெரியும். சங்குப்பூ உங்களுக்கு அழகாகத் தெரியும், அவருக்கு அது தெரியவே தெரியாது. சிவப்புச் செம்பருத்தி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை, கனகாம்பரம் மாதிரிச் சிவப்பு, மஞ்சள், காவி நிறங்கள் பளிச்சென்று தெரியும்.

அந்தச் சாயந்திர நேரத்துக்கு நான் மல்லிகையைச் சொல்வேன். தஞ்சாவூர்த் தாய்க்கு வேண்டாம் என்ற அதே மல்லிகை. மதுரையில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த வாசனை குழந்தைப் பருவத்திலிருந்து கூடவே வந்திருக்கும். 2013-லேயே புவிசார் குறியீடு வாங்கிய பூ, உங்கள் ஊர் மண்ணில் அது வருவது மாதிரி வேறெங்கும் வராது. இடுப்பு உயரத்தில் வரிசையாக மூன்று செடி. நாலரை மணிக்கு, அவர் தவிக்கத் தொடங்கும் முன்பே, ஒரு சின்னக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து "மாமா, மொட்டு பறித்துத் தாங்க, சாமிக்கு வேண்டும்" என்று கூடவே நின்று பறியுங்கள். வீட்டுக்குப் போகணும் என்பவரிடம் இதுதான் வீடு என்று வாதாடுவதைவிட, அவருடைய கைக்கு ஒரு வேலை கொடுப்பது பல நாட்களில் பலன் தரும். எல்லா நாளும் தராது, தராத நாளில் கூடவே இரண்டு சுற்று நடங்கள். இருட்டும் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள், நீளமான நிழல்கள் அவரைக் கலவரப்படுத்தும்.

கேள்வி: செடியைப் பார்த்தால் மனம் அமைதியாகும் என்பதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா, அல்லது எல்லாரும் சொல்வதால் சொல்கிறீர்களா? – வாசகர், திருநெல்வேலி

நியாயமான கேள்வி. ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப்பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப்பேரின் ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மற்றபடி வயது முதலானவற்றில் ஒத்தவர்களாகப் பார்த்து ஜோடி சேர்த்து ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. மருத்துவமனைத் தோட்டங்களைப் பற்றிய பிற்காலப் பேச்சுக்கெல்லாம் இது ஒரு தொடக்கப்புள்ளி.

ஆனால் அது சின்ன ஆய்வு, ஜன்னல் காட்சியைப் பற்றியது. இந்தச் செடி வைத்தால் இந்த நோய் போகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. தோட்டம் அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: பார்வையற்ற குழந்தைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். வளாகத்தில் கால் ஏக்கர் இடம் தருகிறார்கள். தொட்டும் முகர்ந்தும் கேட்டும் அறிகிற தோட்டம் போட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? – ஆசிரியர், கோவை

இந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு மனம் அதிலேயே இருக்கிறது. கோவையிலிருந்து ஒருநாள் போய்வரக்கூடிய தூரத்தில், மலப்புறம் மாவட்டம் தேஞ்ஞிப்பாலத்தில் இருக்கும் கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில், பார்வையற்றவர்களுக்கென்றே தொட்டுணரும் தோட்டம் ஒன்று அமைத்திருக்கிறார்கள். முதலில் அனுமதி கேட்டு, இரண்டு மூன்று மாணவர்களையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எதைத் தொட்டுச் சிரிக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மணச்செடிகள் வைக்கும் மேடைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள், நாலைந்து வாசனை கலந்துவிட்டால் மூக்குக்கு எதுவும் பிடிபடாது. துளசிக்கும் அடுத்த மணச்செடிக்கும் இடையே பத்து நடையாவது இருக்கட்டும், நடுவில் மணமில்லாத, தொடுவதற்கான செடிகளை வையுங்கள். அப்போது வாசனையே வழிகாட்டியாகிவிடும்: மருவு வாசனை வந்தால் திருப்பம், மருதாணிப் பூ வாசனை வந்தால் குழாயடி. மருதாணி பூத்தால் எவ்வளவு மணக்கும் என்று இலையை மட்டும் பறிக்கிறவர்களுக்குத் தெரியாது. குளிர்காலத்தில் ஒரு தொட்டி மரிக்கொழுந்து. பாதையோரம் கையால் பிடித்து நடக்க ஒரு கம்பி, அதில் ஒவ்வொரு செடிக்கும் நேராகப் பிரெயில் எழுத்தில் பெயர். வெயிலில் இரும்புக் கம்பி சுடும், மரமோ கயிறோ நல்லது.

தொடுவதற்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டைப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் கைக்குத் தெரியும். பவழமல்லி இலை உப்புத்தாள் மாதிரிச் சொரசொரவென்று இருக்கும், பக்கத்திலேயே கற்பூரவல்லி. வேம்பின் வெடித்த பட்டையைத் தடவிய கையோடு கொய்யாவின் வழவழத் தண்டு. செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கினால் கொழகொழவென்று வரும், சிலர் ரசிப்பார்கள், சிலர் கையை உதறுவார்கள், இரண்டும் சரிதான். பவழமல்லிக்கு இன்னொரு பெருமை, இரவில் பூத்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் காலையில் முதல் வேலையாகத் தரையைத் தடவித் தடவிப் பொறுக்கலாம்.

சத்தத்துக்குத்தான் நம் நாட்டு மரங்களில் எத்தனை வழி! இடம் இருப்பதால் ஒரு வாகை கட்டாயம் வையுங்கள், பனி முடிந்து இலை உதிரும் நாட்களில் காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலவென்று அடித்துக்கொள்ளும், தூரத்திலிருந்தே கேட்கும். அரசமரத்தின் இலைக்காம்பு நீளம் என்பதால் லேசான காற்றுக்கும் படபடக்கும், ஆனால் வேர் கட்டடத்தைப் பிளந்துவிடும், வளாகத்தின் கடைசி மூலை என்றால் மட்டும் சரி. அப்புறம் பட்டாஸ் காய்ச் செடி, கிரந்திநாயகம் என்பார்கள், ஊதாப் பூவோடு ரோட்டோரத்தில் தானாக முளைப்பது. முற்றிய காயைத் தண்ணீரில் போட்டால் சில நொடிகளில் 'பட்'டென்று வெடித்து விதை தெறிக்கும். உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சத்தமும் கிடைக்கும், சின்ன உதையும் கிடைக்கும். கண்ணில் தெறிக்காமல் கையைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கிலுகிலுப்பை வைக்கலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். காய்ந்த காயைக் குலுக்கினால் கேட்கும் சத்தம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் விதையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் பகுதியில் வேண்டாம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, நீங்கள் கூட இருந்து குலுக்கிக் காட்டலாம்.

மேடையின் உயரம் இரண்டிலிருந்து இரண்டரை அடி. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் யாராவது இருந்தால் பாதை மூன்றடிக்குக் குறையக் கூடாது, திரும்பும் இடத்தில் ஐந்தடி வேண்டும், சரிவு ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம். கொத்தனார் "இவ்வளவு எதற்கு, இடம் வீணாகிறது" என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: வாடகை வீடு. வெயில் வராத ஜன்னல் ஒன்றுதான். இரண்டு தொட்டிக்கு மேல் இடமில்லை. எனக்கும் ஏதாவது உண்டா? – வாசகர், ஈரோடு

உண்டு. ஒரு தொட்டியில் புதினா, ஒரு தொட்டியில் ரம்பை, இரண்டும் நிழலைத் தாங்கும். கடையில் வாங்குகிற புதினாக் கட்டிலேயே வேர்விட்ட தண்டு நாலு இருக்கும், அதை நட்டால் போதும். ஜன்னலில் கொஞ்சமாவது வெளிச்சம் வர வேண்டும், அறை பகலிலும் இருட்டு என்றால் வாரத்தில் மூன்று நாள் தொட்டியை மாடிக்குக் கொண்டுபோய்க் காலை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவாருங்கள். தொட்டித்தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொசு வரும்.